நாலாம் நம்பர் செட்

"பெரியாஸ்பத்திரிக்கே கொண்டு போயிருவோமே, பானு."

"அங்கன யாரு சாமான் கழுவுதாங்கன்னு எனக்குத் தெரியுமா? எங்க ஆஸ்பத்திரியில வச்சுக்கிடுவோம். அங்கன உள்ளதெல்லாம் என் கையால கழுவுனது."

"சாமானா முக்கியம்? அங்கன நாப்பது டாக்டர் இருப்பாங்க."

"நாப்பது டாக்டர் இருந்தாலும் வயித்துக்குள்ள போறது கத்தியும் கத்தரியும்தானே? அது சுத்தமா இருக்கணும்லா? இது என் தொழிலுங்க. இதுல மட்டுமாவது என் பேச்சக் கேளுங்க."

"சரிட்டி. உன் இஷ்டம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்த ஹரிதா, அந்த வலியிலும் சிரித்தாள். "அப்பா, அம்மா கேஸ் ஜெயிச்சுட்டா. சலோ செம்பூர்!"

இந்தப் பேச்சு நடந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பானுமதிக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது, பைப்படியில் குடத்தோடு நிற்கும்போது, பிரஷ்ஷால் கத்தரியின் மூட்டைத் தேய்க்கும்போது என்று நினைத்த நேரமெல்லாம் அது தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு தடவையும் புருஷன் பேச்சிராஜா "உன் இஷ்டம்" என்பான். ஒவ்வொரு தடவையும் ஹரிதா சிரிப்பாள்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை செத்துப்போனது. பதிமூன்று வயது.

செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமின் இரண்டாம் மாடியில், ஆபரேஷன் சாமான்களைக் கழுவி, காயவைத்து, அடுக்கிக் கொடுக்கும் அறையில் பானுமதிக்கு வேலை. பதினோரு வருஷத்துக்கு முன் தரை துடைக்கச் சேர்ந்தவள். கை சுத்தத்தைப் பார்த்துத்தான் அவளை அந்த அறைக்குள் விட்டார்கள். ரத்தம் பட்ட சாமானை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் கற்ற முதல் பாடம். மூட்டை விரியத் திறந்து வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி நார் ஆகாது. உப்பு நீரில் ஊறப்போடக் கூடாது. பிளீச் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகாது என்கிற நம்பிக்கையெல்லாம் வீட்டு டம்ளரோடு சரி. குளோரின் பட்டால் அது ஊசியால் குத்தினதுபோலக் குழி விழுந்துவிடும்.

பழுப்பாக ஏதாவது தெரிந்தால் அது கறையா குழியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துப் பார்க்க வேண்டும். அழிந்து, அடியில் வழவழவென்று இருந்தால் வெறும் கறை. நகத்தில் குழி தட்டினால் அந்தச் சாமானைத் தள்ளிவிட வேண்டியதுதான். பானுமதி வைத்திருந்த ரப்பர் ஹரிதா தன் ரப்பரை பிளேடால் இரண்டாக வெட்டிக் கொடுத்த பாதி.

"உங்க ஆஸ்பத்திரி அவ்ளோ பெரிய மெஷின்லாம் வச்சிருக்கு, ஒரு ரப்பர் வாங்க மாட்டாங்களா? கித்னா கஞ்சூஸ்!" என்று அன்றைக்கு அவள் கேலி செய்தாள். அந்தப் பாதி இப்போது வேர்க்கடலை அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த எழுத்து எப்போதோ போய்விட்டது.

ஆபரேஷன் நடந்த அந்த நாளில் பானுமதி செய்த இரண்டு காரியங்களை யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் பகல் ஒரு மணிக்கே தயாராக இருந்தார். "இப்பவும் பண்ணலாம், இல்லன்னா அஞ்சு மணிக்கும் பண்ணலாம். காய்ச்சல் லேசாத்தான் இருக்கு" என்றார். அந்த நேரத்தில் அலமாரியில் இருந்தது இரண்டாம் நம்பர் செட். அதைக் கழுவியது லீவுக்குப் பதில் வந்த வேறொரு பெண். பானுமதிக்கு மனசு ஒப்பவில்லை. "அஞ்சு மணிக்கே வச்சுக்கிடலாம் சார்" என்று சொல்லிவிட்டு நாலாம் நம்பர் செட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.

எல்லாம் முறைப்படிதான் செய்தாள். செய்து முடித்த பிறகும் போதவில்லை. பெற்ற பிள்ளையின் வயிற்றுக்குள் போகிற சாமான். மழைக்காலத்தில் தாராவியில் மஞ்சள் காமாலை கிளம்பினால் டிரம்மில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு, அந்த வாடை மூக்கில் ஏறின பிறகுதான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பார்கள். மூக்கில் ஏறுகிற அந்த வாடைதான் அவளுக்குச் சுத்தம். அத்தனை வருஷப் பாடம் அந்த ஒரு மத்தியானம் கைநழுவிப் போனது. தரை துடைக்க வைத்திருந்த பிளீச்சை எடுத்து ட்ரேயில் ஊற்றினாள். இருபத்திரண்டு சாமானையும் முக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அலசி, துணியில் சுற்றி, நீராவியில் கிருமி போக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றினாள்.

ஐந்து மணிக்கு வயிற்றைத் திறந்தபோது குடல்வால் வெடித்து உள்ளெல்லாம் சீழ் பரவியிருந்தது.

"வெடிச்சதாலதான்மா. வேற காரணம் இல்ல" என்று டாக்டர் சொன்னார். வெடித்தது ஒரு மணிக்கு முன்னாலா, பிறகா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நாலாம் நம்பர் செட்டைத்தான் பிரித்துப் பார்த்தாள். எல்லாச் சாமானும் பளபளவென்று மின்னின. ஒரு புள்ளி இல்லை. ரப்பரால் தேய்த்தாள், நகத்தால் தடவினாள். எங்கும் வழவழவென்றிருந்தது. பிளீச் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சாமான் அறையின் மூலையில் நின்று அழுதாள். அந்தப் பழியில் ஒன்றாவது குறைந்ததே என்று வந்த அழுகை அது.

பேச்சிராஜா ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நான் அப்பவே சொன்னேன்லா" என்று எந்த மனுஷனும் சொல்லியிருப்பான். அவன் சொல்லவில்லை. துக்கம் கேட்க ஊரிலிருந்து வந்த அவன் பெரியம்மா மீனாட்சியம்மாள், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா…" என்று ஆரம்பித்தபோது, "காப்பி குடிச்சாச்சுல்லா பெரியம்மா? ரயிலுக்கு நேரமாயிட்டு, கெளம்புங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டான்.

காலையில் அவள் எழுவதற்குள் டீ போட்டு வைப்பான். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வருவான். சாயங்காலம் அவள் திரும்பியதும், "கையக் காட்டு" என்பான். நாள் முழுக்க நீரிலும் கிளவுஸிலும் வெந்து வெடித்த அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இல்லாத பழக்கம். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பானுமதிக்கு மட்டும் அந்த நேரம் எப்போது முடியும் என்றிருக்கும். அவனிடம் கேட்க வேண்டிய ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வரும். எண்ணெய்க் கையோடு அவன் நிமிர்ந்து பார்ப்பான். அவள் அதை விழுங்கிவிடுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அறைக்குப் புதிய இன்சார்ஜாக ஜோயா வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது. டிராம்பே பக்கத்துப் பெண், தமிழ் பேசுவாளே தவிர படிக்க வராது. பழைய செட்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, கழிப்பதைக் கழிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"பானுக்கா, இதர் ஆவோ, இங்க வாங்க. இந்த செட்டுல நம்பர் எங்கே போச்சு?"

"எந்த செட்டு, சிஸ்டர்?"

"நாலு. நாலுன்னு டப்பாதான் சொல்லுது, சாமான்ல காணோம்."

"தேஞ்சிருக்கும். பழைய செட்டுலா?"

"ரெண்டாம் நம்பர் இதைவிட பழசு. அதுல நம்பர் அப்படியே கீது. இதைப் பாருங்க." ஜோயா ஓர் ஆர்ட்டரியை, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற அந்த இடுக்கியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "நுனி எவ்ளோ மெலிசா ஆயிருச்சு! மூடினா பல்லோட பல் சேரவே இல்ல. யாரோ மெஷின்ல வச்சு பாலிஷ் அடிச்சு, ஒரு தோலையே உரிச்சு எடுத்திருக்காங்க. எதுக்கு?"

"எதுக்கு?" என்று பானுமதியும் கேட்டாள்.

ஜோயா லென்ஸை அவள் கையில் கொடுத்து, மூட்டை விரித்துப் பிடித்தாள். "பாலிஷ் வீல் உள்ளே போகாதில்ல? அங்க பாருங்க."

பார்த்தாள். மூட்டின் இடுக்கில், வெளியிலிருந்து எந்தப் பிரஷ்ஷுக்கும் ரப்பருக்கும் எட்டாத இடத்தில், கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். வரிசையாக.

"துருவா, சிஸ்டர்?"

"துருன்னா துடைச்சா போயிரும். இது குழி. குளோரின் தின்னது. எந்த பாகல், எந்தப் பைத்தியம் இதைக் கொண்டு போய் பிளீச்ல போட்டுச்சோ!" ஜோயா சிரித்துவிட்டாள். "ஒண்ணு ரெண்டு இல்ல, இருபத்திரெண்டுலயும் இருக்கு. ரிப்பேர் பண்ண ஆளுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சிருக்கும். நம்மகிட்ட சொல்லாம, குழி மறையற வரைக்கும் தேச்சு தேச்சு திருப்பிக் குடுத்திருக்கார். பெரிய கில்லாடி. யாரு அக்கா அது?"

"என் வீட்டுக்காரர்."

ஜோயாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "சாரிக்கா. நான் சும்மா… அவரைத் தப்பா சொல்லல."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. இதுல ஒண்ணு நான் எடுத்துக்கிடட்டுமா?"

"ஸ்கிராப்புக்குத்தான் போகுது, எடுத்துக்கோங்க. அக்கா, உங்க முகம் ஒரு மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

தாராவி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் துணிப்பை, பைக்குள் அந்த ஆர்ட்டரி. எப்போது நடந்திருக்கும் என்று யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நினைவுக்கு வந்தது. பிள்ளையின் காரியம் முடிந்து மூன்றாம் நாள் அவளுடைய லீவு லெட்டரைக் கொடுக்கப் பேச்சிராஜாதான் செம்பூருக்குப் போனான். ஆபரேஷன் சாமான்களைச் சாணை பிடித்து, மூட்டு இறுக்கி, பாலிஷ் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. போனவன் கையில் ஒரு மூட்டையோடு வந்தான். "ரிப்பேருக்குக் குடுத்தாங்க" என்றான். அதற்குப் பிறகு மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் பட்டறையே கதியாகக் கிடந்தான். மகளை நினைத்து மருகுகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த மூன்று நாள் கழிந்த சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் முகம்கூடக் கழுவாமல், எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் முதல் முதலாக, "கையக் காட்டு" என்றான்.

பானுமதி பஸ்ஸிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த மராட்டிக்காரக் கிழவி, "காய் ஜாலா, பாய்?" என்று, என்ன ஆச்சென விசாரித்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினாள்.

எல்லாம் தெரிந்தேதான் டீ போட்டிருக்கிறான். இந்தக் கைகள் என்ன செய்தன என்று தெரிந்தேதான் தினமும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்குக் கிடைத்த அந்தச் சின்ன ஆறுதல், பிளீச் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் மூலையில் நின்று அழுதாளே, அதுகூட அவன் மெஷினில் உட்கார்ந்து செய்துகொடுத்தது.

சந்துக்குள் அவள் நுழையும்போது மணி மூன்று. பக்கத்துக் கடையில் பெல்ட் தைக்கும் அபுதாஹிர் முதலில் பார்த்துவிட்டார்.

"வே பேச்சி! அந்தச் சக்கரத்த நிறுத்தும்வே, மகாராணி வந்துருக்காவ." பிறகு அவளிடம், "என்ன தங்கச்சி, பாதி நாள்லயே வெரட்டி விட்டுட்டாவளா? வந்ததும் நல்லதாப் போச்சு. நீங்க கட்டிக் குடுத்த சோத்த இவரு இன்னும் தொறக்கல. கேட்டா பசிக்கலங்காரு. ரெண்டு வார்த்த நல்லா ஏசிட்டுப் போங்க" என்றார்.

அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அபுதாஹிர் தோலைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பேச்சிராஜா சக்கரத்தின் முன்னால் குனிந்திருந்தான். புருவத்திலும் இமையிலும் பாலிஷ் தூள். மோட்டார் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பானுமதி பட்டறைக்குள் வந்து தானே சுவிட்சை அணைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவிட்சை அவள் தொட்டதில்லை. சக்கரம் முனகிக்கொண்டே சுற்றி நின்றது.

"பானு? என்னட்டி, இந்நேரத்துல?"

அவள் ஆர்ட்டரியை அவன் முன்னால் வைத்தாள். மூட்டைத் திறந்தே வைத்தாள்.

அவன் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"பாலிஷ் போட்டது நீங்கதானே?"

"ம்."

"குழி இருந்துச்சா?"

"பழைய சாமான்னா கொஞ்சம் அப்படி இப்படி…"

"பொய் சொல்லாதீங்க. இருவத்திரெண்டுலயும் இருந்துச்சா?"

அவன் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். "இருந்துச்சு."

"பாத்ததும் தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு."

"பிளீச்சுல புள்ள சாகல, பானு. டாக்டரே சொன்னாரு. வெடிச்சுப் போனதுதான் காரணம்."

"வெடிச்சது எப்போ?"

"அது யாருக்குத் தெரியும்?"

"ஒரு மணிக்கே டாக்டர் ரெடியா நின்னாருங்க. நான்தான் அஞ்சு மணிக்கு வைங்கன்னேன். சாமான் கழுவணும்னு. என் சாமான்தான் வேணும்னு." அவள் இதைச் சொல்லி முடித்துவிட்டு, கூரை இடிந்து விழக் காத்திருப்பவள்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சந்தில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அபுதாஹிரின் தையல் மெஷின் ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது.

"அதுவும் தெரியும்" என்றான் பேச்சிராஜா.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"லெட்டர் குடுக்கப் போனேன்லா, அன்னைக்கு டாக்டரப் பாத்தேன். அவரு பேச்சுவாக்குல சொன்னாரு. ஒரு மணிக்கே செஞ்சிருக்கலாம், உங்க வீட்டம்மாதான் நாலாம் நம்பர் செட்டக் கழுவணும்னு அஞ்சு மணின்னாங்கன்னு. அவரும் மனசு ஒடஞ்சுதான் சொன்னாரு."

"அப்போ இத்தனை மாசமா…"

"என்ன செய்யச் சொல்லுத, பானு? உன்னையக் கேட்டா புள்ள வந்துருமா? புள்ளையும் போயிட்டா. நீயும் ஏதாச்சும் பண்ணிக்கிட்டேன்னா நான் யாருக்கு டீ போடுவேன்?" அவன் பழந்துணியைக் கீழே போட்டான். "அந்தச் சாமானப் பாத்தா உனக்குத் தெரிஞ்சிரும்னு ராவும் பகலுமாத் தேச்சேன். மூட்டுக்குள்ள மட்டும் சக்கரம் போகல. ஊசியக் கட்டிக்கூடத் தேச்சுப் பாத்தேன். போகல."

அவன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தான். வழக்கம்போல, எதுவும் நடக்காததுபோல, அவள் கைகளைப் பிடிக்கக் கையை நீட்டினான். "சரி விடு. கையக் காட்டு."

பானுமதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொடாதீங்க."

"பானு…"

"நீங்க தொடத் தொட எனக்கு எரியுதுங்க. மத்தவங்க ஏசினா நீங்க அவங்க வாய அடச்சீங்க. டாக்டர் வேற காரணம் இல்லன்னு சொல்லிட்டாரு. சாமான்லயும் ஒண்ணும் தெரியாமத் தேச்சு வச்சிட்டீங்க. நான் மட்டும் உள்ளுக்குள்ள, நீதான் நீதான்னு ஒத்தையிலயே சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். என்னால முடியல. நம்ம ரெண்டு பேரும் பெத்த புள்ளைதானே? நீதான்னு பாதியாவது நீங்க எடுத்துச் சொல்லதுக்கு உங்களுக்கு வாய் வரலயா?"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். இமையில் படிந்த தூள் கண்ணீரில் நனைந்து கன்னத்தில் கறுப்பாக இறங்கியது.

"தெனமும் நீங்க எண்ணெ தேய்க்கயில இதத்தான் கேக்கணும்னு வருவேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் முழுங்கிருவேன்." அவள் ஓரடி முன்னால் வந்தாள். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. "எனக்கு டீ வேண்டாம். எண்ணெ வேண்டாம். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் தொணைக்கு வர வேண்டாம். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. என் மூஞ்சிய நேராப் பாத்து, ஒரே ஒரு தடவ, ஏட்டி பானு, என் மவ உன்னாலதான் செத்தான்னு வாயத் தொறந்து சொல்லிருங்க."